கடிகாரம் இல்லாத கணினி

ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியை வாங்கியவர்கள் அடுத்து கேமராவையோ தொடுதிரையையோதான் தேடுகிறார்கள். மொட்டைமாடியில் வெப்பமும் மழையும் பதிவு செய்யும் சின்ன வானிலை நிலையம் ஒன்றைச் செய்யப் போகிறீர்கள் என்றால், அதற்கெல்லாம் முன்னால் ஒரு கடிகாரம் வாங்குங்கள் என்பேன்.

2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு விற்பனைக்கு வந்த இந்த போர்டில் கடிகார சிப்பும் இல்லை, அதை ஓட்டும் பேட்டரியும் இல்லை. மேசைக் கணினியின் மதர்போர்டில் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும். கணினியை அணைத்த பிறகும் நேரம் ஓடுவது அதனால்தான். ராஸ்பெரி பை ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் இணையத்தில் நேரத்தைக் கேட்டுக்கொள்கிறது. இணையம் இல்லாவிட்டால், கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்தே தொடர்கிறது. இரவு 2 மணிக்கு கரண்ட் போய் 5 மணிக்கு வந்தால், இடைப்பட்ட மூன்று மணி நேரம் அதன் கணக்கில் வராது. காலை 6 மணி மழை, 3 மணி மழையாகப் பதிவாகும். பதிவைப் புரட்டிப் பார்த்தாலும் இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, அதுதான் ஆபத்து.

இதற்கு மருந்து, தபால்தலை அளவேயான கடிகார மாட்யூல். எந்த கடிகார சிப் என்பது முக்கியம். இவற்றின் உயிர், வினாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம். அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் மிஞ்சுவது ஒன்று: வினாடிக்கு ஒரு துடிப்பு. ஆனால் படிகத்துக்கு வெப்பம் ஒத்துக்கொள்ளாது. 25 டிகிரியை ஒட்டி ஒழுங்காக அதிரும் அது, சூடேறினாலும் குளிர்ந்தாலும் மெதுவாகிவிடும். வெயிலில் காயும் பெட்டிக்குள் 45 டிகிரி இருந்தால், நாளொன்றுக்கு ஒரு வினாடிக்கு மேல் பின்தங்கும். டிஎஸ் 1307 போன்ற பழைய சிப்புகளின் குறை இது. டிஎஸ் 3231 சிப்போ படிகத்தோடு ஒரு வெப்பமானியையும் உள்ளே வைத்திருக்கிறது. 64 வினாடிக்கு ஒருமுறை சூட்டை அளந்து, அதற்கேற்ப அதிர்வைத் திருத்திக்கொள்கிறது. 0 முதல் 40 டிகிரி வரை, ஓராண்டில் ஒரு நிமிடம் பிசகினாலே அதிகம். சில நூறு ரூபாய்க்குள் இப்படியொரு துல்லியம் கிடைப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இணைப்பது எளிது. போர்டின் ஒரே வரிசையில் உள்ள 1, 3, 5, 9 ஆகிய பின்கள் போதும்: 3.3 வோல்ட், தகவலுக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று, கிரவுண்ட். 2023-ல் வந்த ராஸ்பெரி பை 5-க்கு இந்த வேலையும் இல்லை. கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, பேட்டரியை மட்டும் தனியே வாங்கிச் செருக வேண்டும்.

மாட்யூல் வாங்குபவர்கள் பேட்டரி விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் டிஎஸ் 3231 மாட்யூல்கள் பலவும், ரீசார்ஜ் செய்யக்கூடிய எல்ஐஆர் 2032 பேட்டரிக்காக வடிவமைத்தவை. சார்ஜ் செய்யும் சர்க்யூட்டும் மாட்யூலிலேயே இருக்கும். கடையில் நம் கைக்கு வருவதோ பெரும்பாலும் சாதாரண சிஆர் 2032. அதைப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால், சார்ஜ் ஏற்காத பேட்டரிக்குள் மின்சாரம் திணிக்கப்படும். அது உப்பலாம், கசியலாம். போர்டின் தகவல் பின்களும் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஆகவே 3.3 வோல்ட்டைத் தாண்டாதீர்கள். ‘201’ என்று பொறித்த குட்டி ரெசிஸ்டர் சார்ஜ் பாதையில் இருந்தால், சால்டரிங் அயர்ன் வைத்து அதை எடுத்துவிடுங்கள். கடிகாரம் அது இல்லாமலே ஓடும்.