எழுதாத பற்று

மாதக் கடைசியில் பற்றுத் தீர்க்க வந்தவர், "இந்த 2 கிலோ துவரம் பருப்பு நான் வாங்கவே இல்லையே அண்ணாச்சி" என்கிறார். நமக்கோ அவர் பையை நீட்டியது கண்முன் நிற்கிறது. யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்றே மனம் போகும். பெரும்பாலும் இருவருமே உண்மையைத்தான் சொல்கிறோம்!

கல்லாவில் போட்ட நோட்டு போட்டபடியே இருக்கும். நினைவு அப்படி இருப்பதில்லை. நினைக்கும்போதெல்லாம் மூளை கிடைத்த துண்டுகளைச் சேர்த்துப் புதிதாகக் கட்டுகிறது. விடுபட்டதை வழக்கத்தைக் கொண்டு நிரப்பிவிடுகிறது. மாதாமாதம் பருப்பு வாங்குபவர் இந்த மாதமும் வாங்கியதாகவே தோன்றும்.

கேட்கும் விதமும் நினைவை மாற்றும். 1974இல் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற இரு ஆய்வாளர்கள் கார் விபத்துப் படம் ஒன்றைப் பலருக்குக் காட்டினார்கள். "கார்கள் நொறுங்க மோதியபோது என்ன வேகம்?" என்று 50 பேரிடமும், வெறுமனே "மோதியபோது" என்று 50 பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்வி. முதல் வகையில் 16 பேர், அடுத்ததில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஆகவே பையனிடம், "அவருக்குப் பருப்பு போட்டாயே?" என்று கேட்காதீர்கள். "அவருக்கு என்ன போட்டாய்?" என்று கேளுங்கள்.

மறதிக்கும் ஒரு கணக்கு உண்டு. ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்காஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம்மையே சோதித்து 1885இல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு மாதம் கழித்து மிஞ்சியது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. சரக்கு விவரம் அவ்வளவு வேகமாக மறக்காதுதான். ஆனாலும் இழப்பு அதிகம் நேர்வது ஆரம்பத்தில்தான். கடை அடைத்தபின் சாவகாசமாக எழுதலாம் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மனதில் ஒரே நேரத்தில் நிற்பதும் நாலைந்து சாமான்தான். பத்துச் சாமானைக் கேட்டுத் தவறாமல் கட்டும் அனுபவசாலி, துவரம் பருப்பு, புளி, மிளகாய், பெருங்காயத்தைச் 'சாம்பார் சாமான்' என ஒரே கட்டாகப் பிடித்துக்கொள்கிறார். நடுவில் போன் அடித்தால் அவருக்கும் தடுமாற்றமே.

எனக்கே ஒன்று நேர்ந்தது. ஒரு அரிசி மூட்டைக்காகப் பழைய வாடிக்கையாளரிடம் சத்தியம் செய்யாத குறையாக வாதாடினேன். பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனவர் திரும்ப வரவில்லை. பிறகு சிட்டைகளைப் புரட்டியபோது, அந்த மூட்டை முந்தின மாதத்தது, வரவும் ஆகியிருந்தது. பணத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். வாங்கிக்கொண்டார். ஆனால் வேறு கடையில் பற்று தொடங்கிவிட்டார்.

அதிலிருந்து தராசுப் பக்கத்திலேயே சிட்டை. சாமான் கைமாறுமுன் வாசித்துக் காட்டி, அவர் நோட்டிலும் எழுதிவிடுகிறோம். நோட்டு கொண்டுவராதவருக்கு, பையன் சிட்டையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறான்.