கிடா மாற்ற ஆள் வேண்டும்
நாட்டுச் செம்மறிகளைக் காப்பாற்றப் பட்டியல் போதாது. வளர்ப்பவர்களின் சங்கம் தேவை

பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் வழியாகக் கொல்லங்கோட்டுக்குப் போகும் சாலையில் மாநிலம் மாறுகிறது. மந்தைகளுக்கு அந்தக் கோடு பொருட்டல்ல. கோயமுத்தூர்ச் செம்மறியின் தாயகம் என்று கால்நடைத் துறை நூல்கள் குறிப்பிடுவது கோவை, மதுரை வட்டாரங்களை மட்டுமல்ல. அவற்றை ஒட்டிய கேரள, கர்நாடக எல்லைப் பகுதிகளையும்தான்.

வெள்ளை உடம்பு, கறுப்பு அல்லது பழுப்புத் திட்டுகள், முரட்டுக் கம்பளி. 19-ம் நூற்றாண்டில் இந்த ஆட்டோடு மெரினோ, செவியட், சௌத்டவுன் போன்ற வெளிநாட்டு இனங்களைக் கலந்துதான் நீலகிரிச் செம்மறி உருவானது.

இன்று முரட்டுக் கம்பளிக்கு மதிப்பில்லை. சந்தையில் எடைக்குத்தான் விலை. அதனால் பட்டிக்கு வேற்றினக் கிடா வருகிறது. தொடர்ந்து வெளிக் கிடாவையே சேர்த்தால், மூன்றாம் தலைமுறைக் குட்டியில் பழைய இனம் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

சொந்தக் கிடாவையே வைத்துக்கொண்டால்? அதிலும் ஆபத்து. ஒன்றிரண்டு ஆண்டுகளில் அது தன் குட்டிகளோடே சேரத் தொடங்கும். 100 பெட்டைகளுக்கு ஒரே கிடா என்றால், மரபியல் கணக்கில் அந்த மந்தை வெறும் 4 ஆடுகளுக்குச் சமம். கிடா 5 என்றால் ஏறத்தாழ 19. அத்தனை கிடாக்களுக்குத் தீனி போட ஒரு பட்டிக்காரரால் முடியாது. பலர் கூடி, கிடாக்களை மாற்றிக்கொண்டு, எந்தக் குட்டி எந்தக் கிடாவுக்குப் பிறந்தது என்று எழுதி வைத்தால் முடியும். இனச் சங்கத்தின் வேலையே அதுதான்.

பிரிட்டனில் அரிய இனங்களுக்கான அறக்கட்டளை 1973-ல் தொடங்கியது. நார்த் ரொனால்ட்சே தீவில் கடற்பாசி மேய்ந்து வாழும் செம்மறி இனம் முழுவதும் ஒரே இடத்தில் இருந்தது. ஒரு நோய் வந்தால் அத்தனையும் போய்விடும். 1974-ல் அறக்கட்டளை வேறொரு தீவையே வாங்கி, ஒரு மந்தையை அங்கே குடியேற்றியது.

தமிழகத்தில் மதுரை மாவட்டம் வாடிப்பட்டிப் பகுதியின் கச்சைகட்டி கறுப்புச் செம்மறி நல்ல உதாரணம். கறிக்கும் கிடா முட்டுக்கும் பெயர்பெற்ற இந்த ஆட்டுக்கு வளர்ப்போர் சங்கம் அமைத்தார்கள். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் அதைத் தனி இனமாகப் பதிவு செய்திருக்கிறது.

கோயமுத்தூர்ச் செம்மறியும் அதே பட்டியலில் இருக்கிறது. ஆனால் பதிவு எண் ஆடு மேய்க்காது. கொல்லங்கோட்டுப் பக்கம் இருவர், பொள்ளாச்சிப் பக்கம் மூவர், ஆளுக்கொரு நல்ல கிடா, பொதுவாக ஒரு நோட்டுப் புத்தகம்: தொடங்குவதற்கு இவ்வளவு போதும்.