விதைக்கு முன் விலை: வட்டக்கச்சிச் சிறுபோகமும் நமது வர்த்தகர்களும்

உலர் வலயத்தில் நீரைச் சேமிக்கும் பயிர்கள் பற்றிப் பேச்செடுத்தால், அது விவசாயத் திணைக்களத்துக்கும் கமக்காரர்களுக்கும் உரிய விடயம் என்றே வர்த்தகர்கள் பலர் நினைக்கின்றனர். வன்னியில் தானியம் கொள்வனவு செய்பவன் என்ற வகையில் எனது அபிப்பிராயம் வேறு. ஒரு வயலில் எந்தப் பயிர் விதைக்கப்படும் என்பதைப் பெரும்பாலும் சந்தையே தீர்மானிக்கின்றது. அந்தச் சந்தையில் நாமும் ஒரு தரப்பினர்.

வட்டக்கச்சியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இது இரணைமடுக் குளத்தின் கீழ் 1950களில் உருவான குடியேற்றத் திட்டம். 2008, 2009 யுத்த காலத்தில் மக்கள் முற்றாக இடம்பெயர்ந்து, பின்னர் மீளக்குடியேறி வயல்களைத் திருத்தி எடுத்தனர். கனகராயன் ஆற்றை மறித்து ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் கட்டி முடிக்கப்பட்ட இரணைமடு, சுமார் 21,000 ஏக்கர் வயலுக்கு நீர் வழங்கும் குளமாகும். ஆனால் மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்து முடிந்துவிடும். காலபோகத்துக்கு மழையும் குளமும் கைகொடுக்கின்றன. சிறுபோகமோ குளத்தையே நம்பியிருக்கின்றது. எனவே ஆண்டுதோறும் நீர்மட்டத்தைப் பார்த்து, கூட்டம் கூடி, எத்தனை ஏக்கர் செய்வது என்று முடிவெடுத்துப் பங்கிட்டுக் கொள்கின்றனர். நீர் குறைந்த ஆண்டுகளில் பெருமளவு காணி தரிசாகவே கிடக்கும்.

கணக்கு என்ன சொல்கின்றது?

ஒரு கிலோ நெல்லை விளைவிக்க மழையும் பாசனமுமாகச் சராசரியாக 2,500 லீற்றர் நீர் செலவாவதாக சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் கணக்கிட்டுள்ளது. வயலில் நீரைத் தேக்கி வைப்பதால் ஒரு பகுதி வெயிலில் ஆவியாகின்றது, இன்னொரு பகுதி மண்ணுக்குள் கசிந்துபோகின்றது. பயறு அப்படியல்ல. 60, 65 நாட்களில் காய்க்கும் அப்பயிருக்குத் தேங்கிய நீர் ஆகாது. காலபோக அறுவடை முடிந்தவுடன் மண்ணில் எஞ்சியுள்ள ஈரத்தில் விதைத்து, இடையில் சில தடவைகள் நீர் பாய்ச்சினால் போதும். நெல்லுக்குத் தேவைப்படும் நீரில் பாதிக்கும் குறைவாகவே செலவாகும். உழுந்து, கௌபி, எள்ளு ஆகியவையும் இவ்வகையினவே. அத்துடன் பயறு, உழுந்து, கௌபி போன்ற அவரையினப் பயிர்கள் மண்ணில் நைதரசனைச் சேர்ப்பதால் அடுத்த நெல்லுக்கான யூரியாச் செலவிலும் சிறிது மிச்சமாகும்.

எல்லா வயலுக்கும் இது பொருந்தாது. நீர் வடியக்கூடிய மேட்டுப்பாங்கான செங்கபில மண்ணே இப்பயிர்களுக்கு ஏற்றது. நீர் தேங்கும் தாழ்வான வயல்களை நெல்லுக்கு விடுவதே புத்தி.

பிறகு ஏன் எல்லோரும் நெல் விதைக்கின்றனர்?

காரணம் எளிது. நெல்லுக்கு வாங்குவோர் உண்டு. ஆலைக்காரர் வருவார், சில வேளை அரசாங்கமும் வாங்கும், எதுவும் இல்லாவிட்டால் வீட்டுச் சாப்பாட்டுக்காவது ஆகும். அறுவடை இயந்திரத்தை இறக்கினால் ஒரே நாளில் வேலை முடியும். பயறோ ஒரே தடவையில் முற்றாது. இரண்டு மூன்று முறை ஆள் வைத்துக் காய் பிடுங்க வேண்டும். அவ்வளவு கூலி கொடுத்த பின் விலை விழுந்தால் கமக்காரர் யாரிடம் போவார்?

இந்தியாவின் பஞ்சாப் நமக்கு நல்ல பாடம். அங்கு 1986இல் பொருளியலாளர் எஸ். எஸ். ஜோல் தலைமையிலான குழு, நெல்லும் கோதுமையும் செய்யப்படும் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை வேறு பயிர்களுக்கு மாற்றும்படி பரிந்துரைத்தது. ஆனால் நெல்லுக்கும் கோதுமைக்கும் உறுதியான கொள்வனவு தொடர்ந்தது. விளைவு, நெல் நிலம் குறைவதற்குப் பதிலாகக் கூடியது, நிலத்தடி நீர் இறங்கியது. அயலிலுள்ள ஹரியானா 2020இல் நெல்லைக் கைவிடுவோருக்கு ஏக்கருக்கு 7,000 இந்திய ரூபா வழங்கும் திட்டத்தை அறிவித்தபோது, மாற்றுப் பயிரை ஆதரவு விலையில் வாங்குவதாகவும் சேர்த்தே சொல்ல வேண்டியிருந்தது.

நமது நாட்டிலும் 2020இல் பயறு, உழுந்து, கௌபி ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது உழுந்தின் விலை பல மடங்கு ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். கையில் சரக்கில்லாமல் நின்ற கடைக்காரர்கள் எத்தனை பேர்? உள்நாட்டு விளைச்சலை நாம் முன்கூட்டியே வளர்த்து வைக்காததன் விலை அது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, நேரம். விளைந்த பின் லொறியோடு போவது வழக்கம். இப்பயிர்களுக்குக் காலபோக அறுவடை தொடங்கும்போதே கமக்கார அமைப்பினருடன் பேசிவிட வேண்டும். தனியொருவர் மட்டும் பயறு விதைத்தால் அக்கம்பக்கத்து நெல் வயலின் கசிவு நீர் கெடுக்கும். சுற்றிவரத் தரிசென்றால் கட்டாக்காலி மாடுகள் மேய்ந்துவிடும். ஒரு வாய்க்காலின் கீழுள்ளோர் எல்லோரும் சேர்ந்து மாறினாலே காவலும் நீர்ப் பங்கீடும் சரிவரும். வாங்குபவர் முன்கூட்டியே நின்றால்தான் அவர்கள் சேருவார்கள்.

இரண்டாவது, முற்பணம். ஸலம் எனும் ஒப்பந்த முறை நம்மில் பலர் அறிந்ததே. முழு விலையையும் முன்னரே கொடுத்துவிட்டு, தரம், நிறை, ஒப்படைக்கும் நாள், இடம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதிக்கொள்வது அதன் அடிப்படை. குறித்த ஒரு வயலின் விளைச்சல் என்று எழுதுவது அதில் சேராது. விதைக்கும் உழவுக்கும் வட்டிக்குக் கடன் வாங்கும் கமக்காரருக்கு இது பேருதவி. நமக்கு விலை முன்பே தெரிகின்றது. விபரங்களை அறிந்தவர்களிடம் கேட்டு எழுத்தில் செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, களஞ்சியம். சரியாகக் காயாத பயறிலும் உழுந்திலும் வண்டு விழும். ஈரக் கச்சானில் பூஞ்சணம் பிடித்து நஞ்சாகும். நன்றாகக் காய வைத்த சரக்குக்குக் கிலோவுக்குச் சில ரூபா கூட்டிக் கொடுத்தால், அடுத்த முறை எல்லோரும் காயவைத்தே கொண்டு வருவர்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எல்லோரையும் ஒரே பயிருக்குத் தள்ளிவிடக் கூடாது. ஊர் முழுக்கச் சின்ன வெங்காயம் வைத்தால் என்ன நடக்கும் என்பது வியாபாரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பயறு கொஞ்சம், உழுந்து கொஞ்சம், கச்சான், எள்ளு எனப் பிரித்துக் கேளுங்கள். ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும். அது கமக்காரருக்கும் பாதுகாப்பு, உங்கள் முதலுக்கும் பாதுகாப்பு.

இரண்டு மூன்று வியாபாரிகள் கூட்டாகச் சேர்ந்து, ஒரே ஒரு வாய்க்காலில், ஒரு சிறுபோகத்துக்கு மட்டும் இதைச் செய்து பாருங்கள். தரிசாகக் கிடக்கும் அக்காணிக்கு ஒரு வருமானம் வரும். உங்கள் கடைக்கும் கப்பலை எதிர்பாராத சரக்கு வந்து சேரும்.