பனிமூட்டத்தில் வண்டி எடுக்கும் முன்...

மார்கழி பிறந்துவிட்டால் வாசலில் கோலம் போடும்போதே தெரிந்துவிடும். எதிர்வீட்டுத் திண்ணைகூட கண்ணில் படாது. எங்கள் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள் ஏராளம். இந்தப் பனிக்குள்ளேதான் கம்பெனி வேனிலும் ஸ்கூட்டியிலும் போயாக வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த நிலம், மேகமில்லாத இரவில் சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. அதனால்தான் பாலாற்று ஓரம், ஏரிக்கரை, வயல்வெளிகளில் பனி கெட்டியாக இறங்குகிறது. வெயில் ஏறினால் தானாகக் கலைந்துவிடும். அரை மணி பொறுக்க முடிந்தால் பொறுப்பதே முதல் பாதுகாப்பு.

கிளம்பியே ஆகணும் என்றால், முதல் நாள் இரவே முன், பின் விளக்குகள், பிரேக், டயர் காற்று எல்லாம் பார்த்து வையுங்கள். லைட்டை 'டிம்'மில் போடுங்கள். 'பிரைட்'டில் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணிலேயே திரும்ப அடிக்கும். குளிருக்குச் சால்வையைக் காதோடு இறுக்கிச் சுற்றாதீர்கள். லாரி சத்தம் கேட்காது. ஸ்வெட்டர் போட்டு, முந்தானை, துப்பட்டாவை நன்றாகச் செருகிக் கொள்ளுங்கள். ஹெல்மெட் கண்ணாடியில் மூச்சுக்காற்றால் ஆவி படிந்தால் கொஞ்சம் தூக்கி வையுங்கள். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பலவற்றில் பின்விளக்கே இருக்காது. முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போகாதீர்கள். 'யூ டர்ன்' தூரம் என்று சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் வருவதை அடியோடு விட்டுவிடுங்கள்.

வண்டி நின்றுவிட்டால் இன்னும் கவனம் தேவை. 2023 செப்டம்பரில் நாட்டறம்பள்ளி அருகே விடியற்காலையில் பஞ்சராகி நின்ற வேனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆம்பூர் பக்கத்துப் பெண்கள் 7 பேர், பின்னால் வந்த மினி லாரி வேனில் மோதியதில் இறந்துபோனார்கள். சுற்றுலா போய்த் திரும்பியவர்கள் அவர்கள். அது பனிக்காலம்கூட இல்லை. பனியில் நின்ற வண்டி எவன் கண்ணுக்குத் தெரியும்? வண்டியை இடது ஓரம் ஒதுக்கி, நாலு பக்க விளக்கையும் சிமிட்ட விட்டு, எல்லோரும் இறங்கி சாலையை விட்டுத் தள்ளிப் போய் நில்லுங்கள். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் உட்காரவே கூடாது. நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்சுக்கு 108.

"லேட்டானா அரை நாள் சம்பளம் போயிடும், சீக்கிரம் போங்கண்ணே" என்று வேன் டிரைவரை அவசரப்படுத்தும் பெண்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கம்பெனி முதலாளிகளே, மார்கழி, தை இரண்டு மாதமும் பனி இறங்கும் நாளில் கேட்டை அரை மணி தாமதமாகச் சாத்துங்கள். அந்த அரை மணியை மாலையில் உழைத்துக் கொடுக்க எங்கள் பெண்கள் தயங்க மாட்டார்கள்.

- ஒரு வாசகி, ஆம்பூர்.