ஓணானுக்கு மருந்து கொடுத்தாச்சு... தொட்டியைக் கழுவினீங்களா?

ஆஸ்திரேலியாவின் ‘பியர்டட் டிராகன்’ நம்ம ஊர் ஓணானுக்குச் சொந்தம்தான். அதை வளர்ப்பவர்களை அதிகம் அலைக்கழிப்பது, குடலில் வாழும் காக்சிடியா என்ற ஒட்டுண்ணி. வயிற்றுப்போக்கு வரும், எடை குறையும்; குட்டி என்றால் உயிரே போகலாம்.

கால்நடை மருத்துவர் புதிய எச்சத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துதான் மருந்து எழுதுவார். ஊசிப்புழு கொஞ்சமாக இருந்தால், ‘அப்படியே விடுங்க’ என்பதும் உண்டு. காக்சிடியா அப்படியல்ல. அதற்கு மருந்து பாதி வேலைதான். எச்சத்தோடு வெளியேறும் அதன் நுண்முட்டைகள் தொட்டியிலேயே கிடக்கும். அவற்றை மிதித்துவந்த இரைப்பூச்சியை ஓணான் தின்றால், மறுபடியும் முதலிலிருந்து!

வீட்டு பிளீச் இதற்கு வேலைக்கு ஆகாது. கொதிநீரும் நீராவியும்தான் கை கொடுக்கும். சிகிச்சை முடியும்வரை மணலுக்குப் பதில் பேப்பர் விரித்து, தினமும் மாத்தணும். எச்சத்தை உடனே அள்ளணும். மிச்சப் பூச்சிகளையும் எடுத்துடணும். மரக்கட்டைகளைத் தூக்கிப் போட்டுடுங்க, இடுக்குகளைச் சுத்தம் செய்யவே முடியாது. கழுவ கிச்சன் சிங்க் வேண்டாம். சால்மோனெல்லா நமக்குத் தொற்றும்.

வீட்டில் ஆமையும் இருக்கா? நாய்க்கு வாங்கிய ஐவர்மெக்டின் மிச்சம் இருக்கேன்னு அதுக்குக் கொடுத்துடாதீங்க. ஆமைகளை அது கொன்றுவிடும்.

மருந்து முடிந்து சில வாரங்களில் மீண்டும் எச்சப் பரிசோதனை. அதுவரை பேப்பரே இருக்கட்டும்.