பித்ரு பட்சத்திலேயே தொடங்கிவிட்ட தீபாவளி விற்பனை

புதுதில்லி: முன்னோருக்குத் திதி கொடுக்கும் பித்ரு பட்சத்தில் புதுப்பொருள் வாங்குவதை வடஇந்தியர் பலர் தவிர்ப்பர். நவராத்திரியில் சூடுபிடிக்கும் வியாபாரம், தீபாவளியையொட்டிய தன்தேரஸ் நாளில் உச்சம் தொடும்.

இந்த வரிசையை இணைய வணிகம் மாற்றிவிட்டது. பிளிப்கார்ட்டின் பெருந்தள்ளுபடி விற்பனை 2014-ல் தீபாவளிக்கு 17 நாள்கள் முன்பு நடந்தது. 2024-ல் அதுவும் அமேசானின் விற்பனையும் 34 நாள்கள் முன்னதாக, பித்ரு பட்சம் முடியும் முன்பே, செப்டம்பர் 27-ல் தொடங்கின.

பண்டிகையை நம்பிச் சரக்கு இறக்கும் சிறுவணிகருக்கு இது பெரும் அடி. இந்நிறுவனங்களின் அதீதத் தள்ளுபடி, குறிப்பிட்ட விற்பனையாளர்களுக்கான சலுகை குறித்து தில்லி வியாபார் மகாசங்கம் அளித்த புகாரின்பேரில், 2020 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. ஆனால், விற்பனை தொடங்கும் தேதி எந்த விசாரணைக்கும் உட்பட்டதல்ல. செப்டம்பரிலேயே செலவாகிவிட்ட பணம், தன்தேரஸ் அன்று கடைவீதிக்கு வரப்போவதில்லை.