வாசற்படியைத் தாண்டிய சட்டம்

தளவாய்புரத்துத் தெருக்களில் காலையில் கேட்பது தையல் மெஷின் சத்தம். ராஜபாளையத்துக்கு நூற்பாலை, சத்திரப்பட்டிக்குப் பேண்டேஜ் துணி என்றால், தளவாய்புரத்துக்கும் செட்டியார்பட்டிக்கும் நைட்டி. வெட்டிய துணி கட்டாக வீட்டுக்கு வரும். தைத்தபின் கட்டாகத் திரும்பிப் போகும். கூலி பீஸ் கணக்கில். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பையை மூலையில் வைத்துவிட்டு, அம்மாவின் அருகில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டும், பத்துப் பத்தாக எண்ணி அடுக்கும். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் குடும்பத் தொழிலுக்கு இடம் விட்டிருக்கிறது. பள்ளி நேரம் போக, அபாயமற்ற குடும்பத் தொழிலில் பிள்ளை கைகொடுக்கலாம்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதே மாவட்டத்தின் காலை வேறு மாதிரி விடிந்தது. அப்போது இது ராமநாதபுரம் மாவட்டம். ஆட்சியர் அலுவலகம் இருந்ததோ மதுரையில். விருதுநகரைத் தலைநகராகக் கொண்டு தனி மாவட்டம் பிரிந்தது 1985 மார்ச்சில்தான். சிவகாசி, சாத்தூர் வட்டாரக் கிராமங்களில் பொழுது புலருமுன்பே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து ஹாரன் அடிக்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏஜென்ட் ஏற்றி அனுப்புவார். பகல் முழுக்கக் கட்டை அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது. இருட்டிய பிறகு வீடு. 1976-இல் அப்படிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற ஒரு பஸ் வெள்ளத்தில் சிக்கிக் குழந்தைகள் பலர் இறந்தபோதுதான் அரசு ஹர்பன்ஸ் சிங் என்ற அதிகாரியை ஆய்வுக்கு அனுப்பியது. 1990-இல் சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படத்தில் அந்தப் பிள்ளைகளின் முகங்களை இன்றும் பார்க்கலாம்.

அன்று சட்டம் இல்லாமலில்லை. 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலிலேயே தீப்பெட்டியும் பட்டாசும் இருந்தன. ஆனால் குடும்பத்தாரை மட்டும் வைத்து நடத்தும் பட்டறைக்கு விலக்கு. 1986-இல் வந்த புதிய சட்டமும் அந்த விலக்கை அப்படியே வைத்துக்கொண்டது. ஆக, தொழிற்சாலைக்குள் நடந்த வேலையைப் பிரித்து வீடுகளுக்கு அனுப்பிவிட்டால் போதும், இன்ஸ்பெக்டர் வாசலோடு நின்றுவிடுவார். சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. வேலைக்கு வைத்த முதலாளி பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும். அரசு வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாயை அதே நிதியில் சேர்க்க வேண்டும். அந்நாளில் ஒரு பிள்ளையைக் காப்பது என்றால் அதன் வயதை நிரூபிப்பது. பதினான்கு ஆகிவிட்டதா இல்லையா என்பதே கேள்வி. பிறப்புப் பதிவு இல்லாத வீடுகளில் அதற்குப் பதிலும் சுலபமாகக் கிடைக்காது. அதிகாரிக்கு வேண்டியிருந்த திறமை முன்னறிவிப்பின்றிப் போய் நிற்பதும், தலையை எண்ணுவதும்.

பஸ் ஹாரன் ஓய்ந்ததற்குச் சட்டத்தை மட்டும் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. விருதுநகரில் பிறந்த காமராசர் 1956-இல் தொடங்கிவைத்த மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982-இல் விரித்த சத்துணவும், மேத்தா தீர்ப்புக்கு வெகு முன்பே பிள்ளைகளைப் பள்ளிப் பக்கம் இழுக்கத் தொடங்கிவிட்டன. பின்னால் இயந்திரமும் வந்தது. என் கணக்கில் சட்டத்தைவிடச் சோற்றுக்குப் பங்கு அதிகம்.

கல்யாண விஷயத்திலும் எண்கள் மாறியிருக்கின்றன. 1929-ஆம் ஆண்டுக் குழந்தை மணத் தடைச் சட்டத்தில் பெண்ணின் குறைந்தபட்ச வயது 14, 1978-இல் 18. அன்று அதிகபட்ச அபராதம் ஆயிரம் ரூபாய். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டாண்டுக் கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாயும். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் தொடங்கிய திருமண உதவித் திட்டம், 18 வயது ஆகியிருந்தால்தான் பணம் என்று மணமேடை வரை நிபந்தனை வைத்தது. 2022-இல் அது ‘புதுமைப் பெண்’ ஆகி, அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று கல்லூரி வாசலுக்கு இடம் மாறியது. நல்ல மாற்றம்.

ஆனால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன் வந்து, சமூக நல அலுவலரும் போலீசும் மண்டபத்துக்குப் போய்க் கல்யாணத்தை நிறுத்தினால் செய்தித்தாளில் ‘தடுத்து நிறுத்தம்’ என்று வரும். அந்தப் பெண் அன்று மாலை போவது அதே வீட்டுக்கு. பந்தலுக்கும் சமையலுக்கும் கொடுத்த முன்பணம் போன ஆத்திரம் யார் தலையில் விடியும்? “எங்க பேத்தி மேல எங்களுக்கு இல்லாத அக்கறையா உங்களுக்கு?” என்று கேட்கும் பாட்டியிடம் சட்டப் பிரிவைச் சொல்லிப் பயனில்லை. பத்து நாள் கழித்து யாரும் அழைக்காமலே மறுபடி அந்த வீட்டுக்குப் போகவும், வாங்கிய டி.சி.யைத் திரும்பக் கொடுத்துப் பெண்ணைப் பள்ளியில் சேர்க்கவும், பாட்டி தந்த காபியைக் குடித்துக்கொண்டே பெண்ணின் முகத்தைப் பார்க்கவும் தெரிந்த ஆள் வேண்டும். அந்த வேலை எந்தப் பதிவேட்டிலும் பெரிதாக ஏறுவதில்லை.

இத்தனை காலம் வாசலில் நின்ற சட்டம், பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்க 2012 நவம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்த போக்சோவோடு வீட்டுக்குள் நுழைந்தது. நுழையாமல் முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் ஆண்டுதோறும் ஒன்று மாறுவதில்லை: இந்த வழக்குகளில் நூற்றுக்கு 90-க்கும் மேல் குற்றம் செய்தவர் பிள்ளைக்குத் தெரிந்தவர்தான். மாமாவாக இருக்கலாம், பக்கத்து வீட்டு அண்ணனாக இருக்கலாம்.

முன்பு இப்படி ஒன்று வெளியே வந்தால் ஊர் என்ன செய்தது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். நாலு பேர் கூடி, அவனை ஊரைவிட்டுக் கொஞ்ச நாள் அனுப்பிவிட்டு, பிள்ளையை அம்மாச்சி வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். ‘வெளிய தெரிஞ்சா யார் கட்டுவா’ என்ற ஒரே வாக்கியத்தில் விசாரணை முடியும். அதே ஊரில்தான், பிள்ளை சாப்பிடாமல் சுருண்டு படுத்திருப்பதைத் திண்ணையிலிருந்தே பார்த்து “என்னத்தா ஒரு மாதிரி இருக்க?” என்று கேட்கும் அத்தைகளும் இருந்தார்கள். திண்ணை போய் இரும்பு கேட் வந்த தெருவில் அந்தக் கண் குறைந்துவிட்டது. குறைந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் பார்த்த அதே கண் பிறகு மூடிக்கொண்டதையும் மறக்க முடியவில்லை.

இன்றைய சட்டத்தைப் படித்தால் அதில் பாதி, பெரியவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது. வாக்குமூலத்தைப் பிள்ளை இருக்கும் வீட்டில், அல்லது பிள்ளை விரும்பும் இடத்தில் எழுத வேண்டும். கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல். பிள்ளை நம்பும் ஒருவர் கூட இருக்க வேண்டும். பெண் குழந்தையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். நீதிமன்றத்தில் எதிரியின் முகத்தைப் பிள்ளை பார்க்கும்படி விடக் கூடாது; வழக்கறிஞர் நேரடியாகக் கேட்காமல் நீதிபதி வழியாகவே கேட்க வேண்டும்; அடிக்கடி வரவழைக்கக் கூடாது. 1920-இல் இந்தியாவிலேயே முதலாவதாக வந்த சென்னைக் குழந்தைகள் சட்டம் பிள்ளையை எங்கே வைப்பது என்பதைப் பற்றியே பெரிதும் கவலைப்பட்டது. நூறாண்டில் கேள்வி ‘எங்கே’ என்பதிலிருந்து ‘எப்படி’ என்பதற்கு வந்திருக்கிறது.

அந்த ‘எப்படி’ முதலில் வந்து விழுவது வகுப்பு ஆசிரியை மடியில். பாடப்புத்தகத்தில் 1098, 14417 என்ற உதவி எண்கள் அச்சாகியிருக்கின்றன, பள்ளியில் ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டியும் இருக்கிறது. இருந்தும் ஏழாம் வகுப்புப் பிள்ளை பெட்டிக்குப் போவதில்லை. இடைவேளையில் டீச்சர் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, “மிஸ், ஒண்ணு சொல்லணும், யார்ட்டயும் சொல்லக் கூடாது” என்று வரும். பாசமுள்ள எந்த டீச்சரும் “சொல்ல மாட்டேன்டா” என்றுதான் சொல்வார். சொல்லக் கூடாதது அதுதான். தெரிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காமலிருப்பது குற்றம் என்கிறது சட்டம். நாளைக்கே அவர் வாக்குத் தவற வேண்டி வரும், அதன்பின் பிள்ளை யாரையும் நம்பாது. “உனக்கு உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்வேன், அதுக்கு முன்னால உன்கிட்ட சொல்லிட்டுச் செய்வேன்” என்பது சரியான பதில். பிறகு “அப்புறம் என்ன ஆச்சு?” என்பதற்குமேல் கேட்காமல் இருக்க வேண்டும். “ஏன் அப்பவே சொல்லல?” என்று வாய் வரை வரும், விழுங்கிவிட வேண்டும். தலைமையாசிரியர் ஒரு முறை, ஏட்டம்மா ஒரு முறை, டாக்டர் ஒரு முறை என்று அதே கதையைத் திரும்பச் சொல்ல வைப்பதும் ஒரு தண்டனை. இவ்வளவையும் ஒரு நாள் பயிற்சியில் ஸ்லைடு போட்டுக் காட்டி முடித்துவிட முடியும் என்று எப்படி நம்புகிறார்களோ தெரியவில்லை.

சட்டம் தடுமாறும் இடமும் உண்டு. பதினேழு வயதுப் பெண் கூடப் படித்த பையனோடு போய்விட்டால், அன்று தேடிக் கூட்டிவந்து அடித்துச் சொந்தத்தில் கட்டிவைத்தார்கள். இன்று அப்பா போக்சோவில் புகார் கொடுக்கிறார். பையன் சிறைக்கு, பெண் காப்பகத்துக்கு. 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமல்ல என்று ஒரு வழக்கையே ரத்து செய்தார். காப்பகத்தில் அந்தப் பெண்ணோடு பேசுகிறவர் அவளைப் பாதிக்கப்பட்டவள் என்று அழைத்தால் அவள் வாய் திறக்க மாட்டாள்.

தளவாய்புரத்து வழக்கு போய்ச் சேருவது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு; மாவட்ட நீதிமன்றம் அங்கேதான், போக்சோ நீதிமன்றமும் அங்கேதான். மதுரைக்கு அலைந்த காலத்தோடு ஒப்பிட்டால் அருகில். சாட்சியத்தை 30 நாளில் பதிவு செய்து, முடிந்தவரை ஓராண்டில் வழக்கை முடிக்கச் சொல்கிறது சட்டம். நடப்பு வாய்தா வாய்தாவாகப் போகிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அம்மாவுக்கு ஒரு நாள் பீஸ் கூலி போகிறது, ராஜபாளையத்தில் பஸ் மாற வேண்டியிருக்கிறது. இரண்டாவது வாய்தாவுக்குப் பிறகு எதிர்த்தரப்புச் சொந்தக்காரர் சமாதானம் பேச வருவதும் இந்தக் களைப்பை எண்ணித்தான். குழந்தைகள் நலக் குழு நியமிக்கும் ‘ஆதரவு நபர்’ என்பவருக்கு அங்கே வேலை இருக்கிறது. 2020-ஆம் ஆண்டுப் போக்சோ விதிகளில் எட்டாவது விதி உணவு, உடை, பயணச் செலவு வரை எண்ணிப் பார்த்திருக்கிறது. குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் அந்தப் பணம் கைக்கு வர வேண்டும். அதற்கான மனுவை எழுதித் தருவதும், அடுத்த வாய்தாவில் யார் எங்கே உட்காருவார்கள், எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று பிள்ளைக்கு முந்தைய நாளே சொல்லி வைப்பதும் அவர் பொறுப்பு.